குளத்துக் களை எது?



களை யாதென்று ஓர் உழவரைக் கேட்டால் ஒரே மூச்சில் விடை வரும்: இடாமல் முளைப்பது; இட்டதை வாழவிடாதது. நெல்லைப் போலவே நிற்கும் குதிரைவாலிப் புல்லையும், களையெடுக்கும் பெண்டிர் விரல் பட்டவுடன் அறிந்து பிடுங்கிக் கரையில் எறிவர். வயலில் இத்துணைத் தெளிவுடைய நம் மக்கட்குக் குளத்தில் மட்டும் கண் மயங்கிவிட்டது. மயங்கியது தானாகவன்று, மயக்கப்பட்டது என்பதே உண்மை.

மீன்வளர்ப்புக் கையேடு ஒன்றை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். வளர்ப்பு மீன்குஞ்சுகளை விடுமுன் குளத்தினின்று அகற்றத்தக்கவை இவையென ஒரு பட்டி அதில் இருக்கும். வரால், குறவை, வாளை, கெளிறு, பனையேறிக் கெண்டை ஆகியவை கொன்றுண்ணிகள் என்று ஒரு வரிசை. நம் சிறு கெண்டைகளும் பொடிமீன்களும் களைமீன்கள் என்று மற்றொரு வரிசை. இவற்றை வேரறுக்க, ஒரு மீட்டர் ஆழமுள்ள நீர்க்கு எக்டேருக்கு 2,500 கிலோ இலுப்பைப் பிண்ணாக்கு இடுக என்று அளவும் குறித்திருக்கும். இலுப்பையின் நஞ்சு மீனின் குருதியைக் கெடுத்துக் கொல்வது. சில கிழமைகளில் அதுவே எருவாகவும் மாறிவிடுவது. ஆதலால் அதனை இரட்டை ஊதியம் என்றும் எழுதுவர்.

களைந்தபின் இடும் பயிர் எது? கட்லா, உரோகு, மிர்கால் என்னும் கங்கைவெளி மீன்கள் மூன்று. வெள்ளிக்கெண்டை, புல்கெண்டை, சாதாக்கெண்டை என்னும் கடல்கடந்த மீன்கள் மூன்று. 1970-களில் ஆறினக் கூட்டுவளர்ப்பென்று நாடெங்கும் பரப்பப்பெற்ற முறை இதுவே. ஈராயிரம் ஆண்டுப் பாட்டில் இடம்பெற்ற வராலும் வாளையும் களை. நேற்று வந்தது பயிர்!

இங்கு ஒன்றை நடுநிலையோடு சொல்லுதல் வேண்டும். தன் நிலத்தில் தன் பொருளால் குளம் வெட்டி, வரத்தும் போக்கும் அடைத்து, மீனை வளர்த்து விற்கும் உழவர்க்கு அம்முறை வாழ்வளித்ததுண்டு. ஏழைக்கு மலிவாக மீன் கிடைத்ததுமுண்டு. அவர்மேல் குறையில்லை. குறையெல்லாம், அடைத்த குளத்திற்குரிய முறையை அடைபடாத ஊர்க்குளத்திற்கும் ஏரிக்கும் கண்மாய்க்கும் ஊருணிக்கும் கொண்டுவந்ததில்தான். வேலியுள்ள தோட்டத்தில் வளர்க்கும் கொடியைப் புறம்போக்கில் படரவிட்டால் வருவதே இங்கும் வந்தது.

அவ்வாறு மூன்றையும் மூன்றையும் ஒன்றாகப் பழிப்பதும் தவறு. கங்கைவெளி மீன்கள் மூன்றும் புதுவெள்ளம் பாயும் ஆற்றில்தான் முட்டையிடும். தேங்கிய நீரில் இடா. அதனால்தான் 1957-இல் ஈராலால் சௌதுரி என்னும் அறிஞர், மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசியாலேற்றி அவற்றைக் குளத்தில் முட்டையிடச் செய்தபோது அது பெருஞ்செயலாகப் போற்றப்பட்டது. வெள்ளிக்கெண்டையும் புல்கெண்டையும் அத்தகையனவே. ஊர்க்குளத்தில் விட்டால் அவை வளரும், பிடித்தால் தீரும். சாதாக்கெண்டை எனப்படுவதோ அங்ஙனமன்று. முழங்கால் நீரும் நாலு பாசிக்கொடியும் இருந்தால் அதற்குப் போதும். எவர் ஊசியும் வேண்டா. இவ்வுரை பெரும்பாலும் அவ்வொன்றைப் பற்றியது.

முதலில் அதன் பெயரைப் பற்றிச் சிறிது. சாதா என்பது நம் சொல்லன்று. கெண்டை என்பது நம் சொல்; ஆனால் அம்மீன் நம் கெண்டையன்று. அயற்சொல்லைத் தலையிலும் நம் சொல்லை உடலிலும் உடுத்து, ஊருக்குள் உறவினன்போல் அது நுழைந்துவிட்டது. காசுமீர மக்கள் இவ்வகையில் நம்மினும் விழிப்பாயிருந்தனர். 1950-களில் அவர்தம் தால் ஏரியில் இதே மீன் விடப்பட்டபோது, தம் பழமீன் எதன் பெயரையும் அதற்கு ஈயாமல், பஞ்சாபு மீன் என்றே பெயரிட்டழைத்தனர். பெயரளவில் காத்தனரேயன்றி நீரில் காக்கவியலவில்லை. அவ்வேரியின் பழைய குளிர்நீர் மீன்கள் அருகிப்போயின என்பது வேறு. எனினும் இன்னது இன்னதென்று அறிந்து இழந்தனர். நாமோ இழந்ததும் அறியோம். ஆகவே இனி இவ்வுரையில் அம்மீன் அயற்கெண்டை என்றே சுட்டப்பெறும்.

அதன் பிறப்பிடம் காசுப்பியக் கடல், கருங்கடல் ஆகியவற்றில் விழும் ஆற்றுவெளிகளும் கீழையாசியாவும். ஐரோப்பாவில் துறவுமடக் குளங்களில் பல நூற்றாண்டு வளர்க்கப்பட்டது. தமிழகத்திற்கு அது வந்தது 1939-இல். செருமானிய வகை, இலங்கை வழியாக உதகை ஏரிக்கு. அவ்வேரியே வெள்ளையர் 1820-களில் கட்டியது. மலைக்குளிரில் வாழ்ந்த அவ்வகை தாழ்நிலத்து வெப்பத்தை விரும்பவில்லை. பின்னர் 1957-இல் பாங்காக்கிலிருந்து வேறொரு வகை கட்டாக்கிற்கு வந்தது. அது வெப்பத்தில் செழிப்பது. நம் குளங்களை நிரப்பியது இவ் விரண்டாவதே.

அடையாளம் அறியாமல் களையெடுக்கவியலாது. ஆதலால் இதனை இளையோர் நன்கு உளங்கொள்க. அயற்கெண்டையின் மேலுதட்டில் இருபுறமும் இவ்விரண்டாக நான்கு மீசையிழைகள் இருக்கும். முதுகுத் துடுப்பு நீண்டு வாலின் அண்மைவரை ஓடும். அத்துடுப்பின் முன்முள்ளை விரலால் பின்னிருந்து தடவினால் அரத்தின் பல்போல் உறுத்தும். நம் சேற்கெண்டைக்கும் முதுகுத் துடுப்பு சற்று நீண்டதே. ஆயின் அதில் அரமுள் இராது. சிலவற்றின் மேனியில் செதிள் குறைந்து, ஆங்காங்கே கண்ணாடிச் சில் பதித்தாற்போல் பெருஞ்செதிள் சில மட்டும் நிற்கும். அவை செருமானியக் குருதியுடையவை. வாயைப் பார்த்தாலும் விளங்கும். குழல்போல் முன்னே நீண்டு மடங்கும் வாய் அது.

அக்குழல்வாயில்தான் கேடெல்லாம். அயற்கெண்டை சேற்றை உறிஞ்சி, அதிலுள்ள புழுவையும் நத்தையையும் வித்தையும் வடித்துக்கொண்டு, எஞ்சிய சேற்றை நீரில் உமிழ்வது. நாள் முழுதும் அதே வேலை. தெளிந்த குளம் கலங்கும். கலங்கிய நீரில் கதிரொளி அடிவரை செல்லாது. ஒளியின்றி நீரடிப் பாசிக்கொடிகள் மடியும். ஆம்பலின் கிழங்கு பெயர்ந்து மிதக்கும். அடிச்சேற்றிலிருந்த உரச்சத்து மேலே வந்து கலக்க, நீர் பச்சைப்பாகு போலாகும். மடியிலே குடமேந்தி ஊருணிக்குச் செல்லும் தாய்மார் இதனை நீர் கெட்டுவிட்டது என்பர். கெடுத்தது எதுவென்று எண்ணார். மண்கரையடியையும் அது குடைவதுண்டு.

நம் வராலின் இல்லறத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கரையோரப் புல்லை விலக்கி வட்டமாக இடமமைத்து, அங்கே முட்டையிட்டு, ஆணும் பெண்ணும் காத்து நிற்கும். பொரித்தபின் செந்நிறத் திரளாக மேலே மிதந்து திரியும் பார்ப்புகளின் கீழே தாயோ தந்தையோ கருநிழல்போல் உடன்செல்லும். சிற்றூரில் பிறந்தவர் இதனைக் காணாமல் வளர்ந்திருக்கவியலாது. அப் புல்லோரத்தில்தான் அயற்கெண்டைக் கூட்டமும் வந்து உழக்குவது.

ஆயினும் வரால் வாளாவிருக்கும் மீனன்று. அயற்கெண்டையின் குஞ்சு அதற்கு இனிய இரை. வாளைக்கும் அவ்வாறே. இதனைத் தெரிந்துதான் கையேடு எழுதியோர் அவற்றைக் கொன்றுண்ணி என்று பட்டியில் முதலில் வைத்தனர்! ஒரு கிலோ எடையுள்ள பெண் அயற்கெண்டை ஓரிலக்கத்திற்கு மேற்பட்ட முட்டையிடும். தாழ்நிலத்தில் ஓராண்டிற்குள்ளாகவே முதிர்ந்து இடத் தொடங்கும். ஆண்டில் ஒருமுறையோடும் நில்லாது. இத்துணைப் பெருக்கத்தை எவர் வலையும் தனியே தாங்காது. குஞ்சிலேயே உண்டு குறைக்கும் வாயுடைய வராலையும் வாளையையும் நஞ்சிட்டுக் கொன்றுவிட்டு, அயற்கெண்டை பெருகுகின்றதே என்று வலை முடைவது, காவல்நாயை அடித்துக் கொன்றுவிட்டுக் கதவிற்குப் பூட்டுத் தேடுவதாகும். எனவே அயற்கெண்டை பிடித்தலின் முதல் வேலை, வராலைப் பிடியாது விடுதல். குறைந்தது பார்ப்போடு திரியும் தாய்வராலைத் தொடாதிருத்தல். அவ்வேளையில் தூண்டில் காட்டினால் சினந்து கௌவும் என்று அறிந்தே அதனைப் பிடிப்பாருளர். ஒரு தாயைப் பிடித்து ஒரு குழம்பு வைத்தவர், அத்திரளனைத்தையும் அயலுக்கு இரையாக விட்டவராவர்.

இனிப் பிடிக்கும் முறை. நஞ்சும் வெடியும் மின்கம்பியும் வேண்டவே வேண்டா. அவை களையையும் பயிரையும் ஒருசேரக் கொல்வன. மின்கம்பி பிடிப்பவனையும் கொல்வது. சுண்ணாம்பைக் கொட்டுவதும் அத்தகையதே.

அயற்கெண்டையைப் பிடிக்க வாய்ப்பான பொழுதுகள் இரண்டு. ஒன்று அது முட்டையிடும் பொழுது. மற்றொன்று குளம் வற்றும் பொழுது.

தை முதல் பங்குனி வரையிலும், ஆடி முதல் புரட்டாசி வரையிலும் அது மிகுதியாக முட்டையிடும். விடியற்காலையில் கரையோரப் பாசியில் சலசலவென்று நீர் தெறிக்கும் ஒலி கேட்டால் அதுவே குறி. ஒரு பெண்மீனை இரண்டு மூன்று ஆண்மீன்கள் துரத்தி, முதுகு வெளித்தெரிய முழங்கால் நீரில் உழலும். மற்ற நாளில் நிழல் கண்டாலே ஆழத்திற்கு ஓடும் மீன், அப்பொழுது தன்னை மறந்து திரியும். ஆழப்பக்கத்தில் இருவர் ஓசையின்றி வலையை வளைத்துக் கட்டியபின் கரைப்பக்கத்தில் இறங்கினால் பெருமீன்கள் கூட்டமாக அகப்படும். முட்டை சுமந்த ஒரு பெண்மீனை அன்று பிடிப்பது, ஆண்டிறுதியில் பல நூறு மீனைப் பிடிப்பதற்கு ஒப்பாகும்.

முட்டையையும் பிடிக்கலாம். அது பசைபோல் ஒட்டும் முட்டை. பண்ணையாளர் வேலம்பாசிக் கட்டுகளையும் நாரையும் நீரில் கட்டிவைத்து அதன்மேல் முட்டையிடச் செய்து, எடுத்துப்போய்ப் பொரிக்கவைப்பர். அதே கட்டை ஊர்க்குளத்தில் மீன் உழலும் இடத்தருகே முதல்நாள் மாலை கட்டிவைத்து, மறுநாள் வெயிலேறுமுன் கரையில் எடுத்து உலர்த்திவிட்டால் பொரிப்பது இல்லை. பொரிக்க இரண்டு மூன்று நாளே ஆகுமாதலால் காலந்தாழ்த்தலாகாது. இது பள்ளிப்பிள்ளைகள் செய்யத்தக்க வேலை; நீச்சலறிந்த பெரியவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும்.

ஆழநீரில் பிடிப்பது கடினம். வீசுவலை விழும் ஓசைக்கே விலகிவிடும். இழுவலையாயின், அடிக்கயிறு நெருங்கும்போது சேற்றில் தலையைப் புதைத்துக் கயிற்றைத் தன்மேல் போகவிட்டுவிடும். சில மேற்கயிற்றைத் தாண்டியும் குதிக்கும். எனவே அடிக்கயிற்றில் ஈயக்குண்டை நெருக்கிக் கோத்து, வலையின் பின்னே இருவர் காலால் சேற்றைத் துழாவிக்கொண்டே நடத்தல் வேண்டும். தூண்டிலாயின் தக்கை மிதக்கத் தேவையில்லை. அடியில் கிடக்கும் இரையையே அது உறிஞ்சும். நாங்கூழும், தவிட்டோடு நிலக்கடலைப் பிண்ணாக்குப் பிசைந்த உருண்டையும் ஏற்றவை. இரண்டு மூன்று நாள் ஒரே இடத்தில் உருண்டையைத் தூவிப் பழக்கிவிட்டு, நான்காம் நாள் முள்ளோடு இடுவதே முதிர்ந்த தூண்டிற்காரர் வழக்கம். உறிஞ்சி உமிழ்ந்து ஆய்ந்தே விழுங்குமாதலால் முதல் அசைவிற்கே இழுத்துவிடுதல் பதற்றக்காரர் செயல்.

இனி வற்றும் பொழுது. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி மாவட்டச் சிற்றூர்களில் முதுவேனிலில் மீன்பிடித் திருவிழா நடப்பதை அனைவரும் அறிவர். கண்மாய்க் கரையில் ஊர்கூடி நிற்க, பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசியதும், ஊத்தாவும் கச்சாவும் கூடையும் வலையுமாக ஆண் பெண் குழந்தைகள் அனைவரும் ஒருங்கே இறங்குவர். பிடித்த மீனை விற்பதில்லை. வீட்டுக்கு வீடு குழம்பு கொதிக்கும். ஊர்நீர் ஊருக்குரியது என்பதற்கு இதனினும் பெரிய ஆவணம் எந்த அலுவலகத்திலும் இராது. இந்நாள் ஒன்றே அயற்கெண்டையை அடியோடு குறைக்கவல்லது. ஏனெனில் அன்று குளத்தின் ஒவ்வோரடியிலும் ஒரு கால் படுகின்றது. சேற்றில் புதைந்த மீனைக் கவிழ்த்த ஊத்தாவிற்குள் கைவிட்டு எடுக்கும் வேலையில் அரமுள் கிழிக்குமாதலால், தலைப்பக்கமாகப் பிடித்தல் நன்று.

ஆயின் ஒரு வழக்கத்தை மட்டும் மாற்றியாக வேண்டும். இன்று பெரியது எதுவாயினும் கூடைக்குள் போகின்றது. சிறியது எதுவாயினும் நீருக்குள் போகின்றது. இரக்கத்தால் விட்ட அச்சிறியவற்றுள் அயற்கெண்டைக் குஞ்சும் இருக்கும். இனி அளவு பார்த்தல் வேண்டா, இனம் பார்த்து விடுக. கைவிரலளவு அயற்கெண்டையும் கரையேறட்டும். வரால் இணையொன்றும், அயிரையும், ஆராலும், நம் சிறுகெண்டையும் எஞ்சிய குட்டைநீருக்குத் திரும்பட்டும். கரையில் இதனைப் பிரித்துச் சொல்ல அடையாளம் அறிந்த நால்வர் நின்றால் போதும்.

பிடித்ததை என்செய்வது? உண்பது. முள் மிகுந்தது, சேற்று நாற்றமுடையது என்று தள்ளற்க. கல்லுப்பும் மஞ்சளும் புளித்தண்ணீரும் இட்டு இருமுறை அலசினால் நாற்றம் பெரிதும் போம். குறுக்கே நெருங்கக் கீறிப் பொரித்தால் நுண்முள் தெரியாது. இதனைச் சமைத்தறிந்த தாய்மார் இவ்வவையிலேயே இருப்பர். அவர் இன்னும் நன்றாகச் சொல்வர். களையைப் பிடுங்கி எருவாக்குவதினும் களையைப் பிடித்து உணவாக்குவது எளிதன்றோ!

இஃதெல்லாம் ஆகக்கூடியதா என்பார்க்கு ஒன்று. ஆத்திரேலியாவைச் சார்ந்த தாசுமேனியாத் தீவில் கிரசெண்டு என்னும் ஏரியில் 1995-இல் அயற்கெண்டை கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வேரியினின்று ஒரு மீனும் வெளியேறாதபடி முதலில் வாய்க்காலில் வலைத்தட்டி இட்டனர். பின்னர், பிடித்த ஆண்மீன் சிலவற்றின் வயிற்றில் வானலை எழுப்பும் சிறு கருவியை வைத்துத் தைத்து மீண்டும் நீரில் விட்டனர். அவை தம் கூட்டத்தைத் தேடிச் சென்ற இடமெல்லாம் கருவி காட்டிக்கொடுத்தது. அங்கே வலை விழுந்தது. பன்னிரண்டாண்டு விடாது பிடித்து 2007-இல் கடைசி மீனையும் எடுத்தனர். நமக்கு அக்கருவி இல்லை. அவர்க்கோ ஏரி வற்றும் முதுவேனில் இல்லை. நம் ஏரி ஆண்டுதோறும் தானே வற்றிக் கொடுக்கின்றது.

அவர் செய்தவற்றுள் நாம் செய்தேயாக வேண்டியது அவ் வலைத்தட்டியே. தமிழகத்து ஏறத்தாழ 39,000 ஏரி குளங்களுள் மிகப்பல தொடரேரிகள். மேலேரி நிரம்பிக் கலிங்கு வழிந்தால் கீழேரிக்கு நீர் செல்லும். நீரோடு மீனும் செல்லும். 1971-இல் இமாசலத்தில் பெருவெள்ளத்தின்போது ஒரு மீன்பண்ணையினின்று தப்பிய வெள்ளிக்கெண்டை கோவிந்தசாகர் நீர்த்தேக்கத்திற்குள் புகுந்து பெருகி, அங்கிருந்த கட்லாவையே பின்தள்ளிவிட்டது. ஒருவரும் விடவில்லை, வெள்ளம் விட்டது. மேலேரியைக் களையாமல் கீழேரியைக் களைவது, மேல்மடையைத் திறந்துவைத்து வயலை இறைப்பதை ஒக்கும். எனவே ஓரூர் மட்டும் முனைந்தால் போதாது. ஒரே வாய்க்காலில் கோத்த ஊர்களெல்லாம் கலந்து பேசி, மேலிருந்து கீழாகத் தொடங்குதல் வேண்டும்.

குத்தகையைப் பற்றியும் பேசாமலிருக்கவியலாது. குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் குஞ்சு விடுவார். அவர் விட்டதை ஊரார் பிடித்தால் பூசல் எழும். ஆகையால் குத்தகை முறியில் எழுதும்போதே, இன்ன மீன் விடலாம், அயற்கெண்டை விடலாகாது, இலுப்பைப் பிண்ணாக்கு இடலாகாது, வற்றும் பொழுதில் திருவிழாவிற்குத் தடையில்லை என்று ஊர்மன்றத்தார் எழுதி வாங்குதல் வேண்டும். கங்கைவெளி மீனை விட்டுக் குத்தகையாளர் ஊதியம் பெறட்டும். தேங்குநீரில் அவை முட்டையிடாமையால் அவர் குத்தகை முடிய அவையும் முடியும். குத்தகை முடிந்தும் முடியாமல் குளத்திலேயே குடியிருப்பதைத்தான் வேண்டாவென்பது. ஏலம் முடிந்து கையெழுத்தான பின் கூட்டம் போடுவதில் பயனில்லை. ஏலநாளுக்கு முன்னரே நால்வர் சென்று கேட்டுக்கொள்க.

வலைத்தட்டிக்குப் பெருஞ்செலவில்லை. மூங்கிற் பிளாச்சை நெருங்கக் கட்டி உட்புறம் நுண்கம்பிவலை பொருத்தி, கலிங்கின் வாயிலும் மடையின் வாயிலும் மழைக்கு முன் நிறுத்துதல் வேண்டும். வழியும் காலத்தில் நாள்தோறும் ஒருவர் சென்று, தட்டியில் அடையும் தழையையும் குப்பையையும் வாரிவிடாவிட்டால் நீர் தேங்கிக் கரைக்கே ஏதமாகும்; அவ்வாளை இப்பொழுதே குறித்துவைக்க. பிள்ளைகள் சிலர் குடத்திலும் புட்டியிலும் உயிர்க்குஞ்சைக் கொண்டுபோய் அடுத்த குட்டையில் விட்டு விளையாடுவதுண்டு. அவர்களை அடட்டாமல், கையிலுள்ள மீனின் முதுகுமுள்ளை ஒருமுறை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.